பிள்ளைக்கு ஞானஸ்நானம்: மண்டபத்துக்கு முன்னால் பங்கு அலுவலகம்

மதுரைப் பக்கம் ஞானஸ்நானம் தள்ளிப்போவதற்கு விசுவாசக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. காரணம் மண்டபம். மண்டபம் கிடைக்கிற தேதி, துபாயில் இருக்கிற மாமனுக்கு லீவு கிடைக்கிற தேதி, காதுகுத்தையும் சேர்த்து ஒரே மொய்யாக முடித்துவிடலாம் என்கிற கணக்கு. இந்த மூன்றும் கூடி வருவதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும். அப்புறம் தொட்டியருகே பிடித்து நிறுத்தவே இரண்டு ஆள் வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1983, விதி 867) இதற்குக் கொடுக்கிற கெடு, பிறந்த முதல் சில வாரங்கள். பிள்ளை பிறந்தவுடன், முடிந்தால் பிறப்பதற்கு முன்பே, பங்குத்தந்தையை (ஊர்க் கோயிலின் பொறுப்புக் குருவை) பார்த்துப் பேச வேண்டியது பெற்றோர் கடமை என்றும் அதே விதி சொல்கிறது. ஞானஸ்நானம் செல்லுபடியாக வேண்டுமானால் தேவைப்படுவது தண்ணீர், சரியான வாக்கியம், திருச்சபை செய்வதையே தானும் செய்கிறேன் என்ற எண்ணம். அது நடந்ததை நாளைக்குக் காட்டப் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும். இந்த நான்கையும் நாற்பது நாளுக்குள் முடித்துவிட்டு, மண்டபத்தை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். மொய் எங்கேயும் போகாது.

கீழே உள்ளது கத்தோலிக்கக் குடும்பங்களுக்கானது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கம் எங்கே மாறுகிறதோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறோம்.

பச்சைப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

இந்தக் கேள்வி எப்படியும் வரும். பெரிய அத்தை கேட்பார், இல்லாவிட்டால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். தயாரிப்பு வகுப்பில் பங்குத்தந்தையே உங்களைக் கேட்டாலும் கேட்பார். பதில் தெரியாமல் தொட்டியருகே போய் நிற்க வேண்டாம்.

பாதிக் குழப்பம் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. ‘ஜென்மப் பாவம்’ என்று காதில் விழுந்ததும், போன ஜென்மத்தில் செய்த வினை இந்தப் பிறவியில் வந்து நிற்கிறது என்றே நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். கிறிஸ்தவத்தில் முற்பிறவி கிடையாது. பிறக்கும்போதே இருக்கிற நிலை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இப்போதைய மறைக்கல்விப் புத்தகங்களில் ‘பிறப்புநிலைப் பாவம்’, ‘தொடக்கப் பாவம்’ என்று இருப்பது இதற்காகத்தான். இன்னொரு தவறான நினைப்பு, தாய் தகப்பன் கூடியதுதான் அந்தப் பாவம் என்பது. அதுவும் திருச்சபைப் போதனை கிடையாது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 404) சொல்வதன் சாரம்: இது பிள்ளை ‘செய்த’ பாவம் அன்று, ‘அடைந்த’ நிலை, செயல் அன்று, இல்லாமை. ஆதாம் ஏவாளுக்குக் கடவுள் கொடுத்திருந்த தூய்மையும் நட்பும் அவர்களோடு அறுந்துபோய்விட்டதால், அவர்கள் வழி வந்த எல்லாரும் அது இல்லாமலேயே பிறக்கிறார்கள். வைகைப் பாசனத்தில் இதைச் சொல்வது எளிது. தலைமதகுக்குப் பக்கத்திலேயே கால்வாய் உடைந்துவிட்டால் கடைமடை வயல் காய்கிறது. வயல் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் காய்ந்துதான் கிடக்கிறது, அதுவாகத் தன்னை நனைத்துக்கொள்ளவும் முடியாது. ஞானஸ்நானம் அந்த வாய்க்காலைத் திரும்பத் திறந்துவிடுகிறது. தண்ணீர் வந்த பிறகும் மண்ணுக்குள் கோரைக்கிழங்கு கிடக்கும், ஒவ்வொரு போகமும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் மனிதனிடம் தங்கிவிடுகிற தீய நாட்டத்துக்கு இது பொருந்தும். அந்த நாட்டமே பாவம் ஆகாது என்று 1546இல் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் முடிவு சொன்னது. லூத்தர் வழி வந்தவர்கள், அதுவும் பாவம்தான், கணக்கில்தான் சேர்க்கப்படுவதில்லை என்பார்கள்.

இந்தப் போதனையைக் கூர்மையாக வகுத்தவர் புனித அகுஸ்தீன் (354–430). மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்ற பெலாஜியுசோடு அவர் வாதாடினார். பச்சைப் பிள்ளைக்கும் திருச்சபை ஞானஸ்நானம் கொடுக்கிறதே, கழுவ ஒன்றும் இல்லையென்றால் ஏன் கொடுக்கிறது என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. போதனையை வைத்து வழக்கம் உண்டாகவில்லை, முன்பே இருந்த வழக்கத்தை வைத்துத்தான் போதனையை நிறுவினார் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால், 253 வாக்கில், கார்த்தேஜில் ஆயர் சிப்பிரியன் கூட்டிய சங்கத்திலேயே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற விவாதம் இல்லை. எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் விவாதம். வேண்டாம் என்றார்கள். அந்த எட்டு நாள் கவலை நம் ஊரில் எட்டு மாதம் ஆகிவிட்டது.

வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ‘பச்சைப் பிள்ளைக்குக் கொடு’ என்று நேர்வசனம் கிடையாது. அதை மறைக்க வேண்டியதில்லை. திருத்தூதர் பணிகள் 16இல் லீதியாவின் வீட்டாரும் சிறைக்காவலரின் வீட்டாரும், 1 கொரிந்தியர் 1:16இல் ஸ்தேவனாவின் வீட்டாரும் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறுகிறார்கள். உரோமையர் 5:12 முதல் வருகிற பகுதி ஜென்மப் பாவப் போதனைக்கும், யோவான் 3:5 தண்ணீரின் தேவைக்கும் அடிப்படை. பெந்தெகொஸ்தே சபையில் இருக்கிற உறவினர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். சொந்தமாக விசுவசித்த பிறகுதான் ஞானஸ்நானம், குழந்தைக்குப் பிரதிஷ்டை மட்டும் என்பது அவர்கள் நிலை. பந்தி நேரத்தில் அந்த வாதத்தைத் தொடங்காதீர்கள், சாம்பார் ஆறிப்போகும். சி.எஸ்.ஐ. சபையில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டு. பிற்பாடு அறிவு தெரிந்த வயதில் திடப்படுத்தல் நடக்கும்.

அப்படியானால் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளை எங்கே போகும்? ‘லிம்போ’ (மோட்சமும் இல்லாத, நரகமும் இல்லாத நிலை) என்று பழைய ஆட்கள் சொல்வது இறையியலாளர்கள் வைத்திருந்த ஒரு கருத்து. அது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் இதை ஆராய்ந்து, அந்தப் பிள்ளைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு நல்ல காரணங்கள் உண்டு என்றது. மறைக்கல்வி நூலும் (1261) அவர்களைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘ஞானஸ்நானம் கொடுக்காமல் விட்டீர்களே’ என்று பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு வரி தெரிந்திருக்க வேண்டும். பெற்றோருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் எண்ணம் இருந்திருந்தால், ஆயர் அனுமதியோடு அந்தப் பிள்ளைக்குத் திருச்சபை முறைப்படியே அடக்கச் சடங்கு நடத்தலாம் (விதி 1183).

இன்னொன்று. நம் ஊர்களில் அமலோற்பவம் என்று பாட்டிகள் பலர் உண்டு. அமல உற்பவம் என்றால் இயேசு கன்னியிடம் பிறந்தது என்று அநேகர் சொல்கிறார்கள். தவறு. மரியா தன் தாயின் வயிற்றில் உருவான கணத்திலேயே ஜென்மப் பாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்பதுதான் அது. 1854இல் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது, டிசம்பர் 8 திருநாள்.

எந்தப் பங்கு, என்ன தாள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அதனால் கணவன் வீடு பழங்காநத்தத்திலும் தாய் வீடு சருகணிப் பக்கத்திலும் இருந்தால் ஞானஸ்நானம் சருகணிப் பக்கம் நடந்துவிடும். அதில் தப்பில்லை. ஆனால் சட்டப்படி பெற்றோரின் சொந்தப் பங்குக் கோயில்தான் உரிய இடம். வேறு இடத்தில் கொடுக்கச் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டு ‘வாட்ஸ்அப்பில் அனுப்புங்க ஃபாதர்’ என்று நின்றால் அவரும் என்ன செய்வார்? இரண்டு மூன்று வாரம் முன்னால் கேட்டு, முத்திரை வைத்த தாளாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் கோயில் திருமணச் சான்றிதழ், பங்குக் குடும்ப அட்டை, ஞானப் பெற்றோரின் (பிள்ளைக்காகப் பொறுப்பேற்று நிற்கிற ஞானத் தகப்பன், ஞானத் தாய்) உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) சான்றிதழ் அல்லது அவர்கள் பங்குத்தந்தையின் கடிதம். எல்லாவற்றிலும் ஒரு நகல். கட்டணம் பங்குக்குப் பங்கு மாறும், அலுவலகத்தில் கேளுங்கள். சந்தா பாக்கி இருந்தால் அங்கே பேச்சு வரும். முடிந்தால் கட்டிவிடுங்கள், முடியாவிட்டால் நேராகச் சொல்லுங்கள். வறுமையைக் காரணம் காட்டி அருளடையாளம் மறுக்கப்படக் கூடாது என்று சட்டமே சொல்கிறது (விதி 848).

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். இங்கேதான் பின்னாளைய தலைவலி எல்லாம் விதைக்கப்படுகிறது. மாநகராட்சித் தாளில் ‘ஆரவ்’, கோயில் பதிவேட்டில் ‘அந்தோணி ஆரோக்கியம்’, பள்ளியில் ‘ஆரவ் ஆண்டனி’ என்று மூன்று பெயரில் ஒரு பிள்ளை வளர்கிறது. புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போதைய சட்டத்தில் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்றுதான் இருக்கிறது (விதி 855). மலரவன், தமிழினி என்று தாராளமாக வைக்கலாம். புனிதர் பெயரும் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து, மாநகராட்சியிலும் அதையே பதியுங்கள். எழுதிக் கொடுக்கும்போது இனிஷியலை விரித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். ‘ஜெனிபர்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத நாலு வழி இருக்கிறது.

பெற்றோரின் திருமணம் கோயிலில் நடக்கவில்லை, ஒருவர் இந்து, ஒருவர் சி.எஸ்.ஐ. என்றால் பிள்ளைக்குக் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். தாய் தகப்பனில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்று நம்புவதற்கு ஓரளவு காரணம் இருக்க வேண்டும் (விதி 868). அவ்வளவுதான். திருமணத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று சாமியார் சொல்வார், அது தனிக் காரியம். மணமாகாத தாயின் பிள்ளை என்றால், தகப்பன் பெயரைப் பதிய ஏதாவது ஆவணம் வேண்டும், அல்லது அவரே பங்குத்தந்தையின் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருக்கலாம், தவறில்லை.

ஞானத் தகப்பன், ஞானத் தாய்

ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நாலு பேர், ஆறு பேர் என்று நிறுத்துவது மரியாதைக்கு. பதிவேட்டில் அதற்கு இடமில்லை. 16 வயது நிறைந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, அந்த விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ்பவராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பன் ஆக முடியாது (விதி 874).

இந்தப் பக்கம் முதல் உரிமை தாய்மாமனுக்கு. அவர் உறுதிப்பூசுதல் வாங்கியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் நன்மை (நற்கருணை) வாங்கியதோடு நின்றுவிட்ட மாமன்கள் ஏராளம். இரண்டு நாள் முன்னால் இது தெரியவந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். நெருங்கிய இந்து நண்பர் ஞானத் தகப்பனாக முடியாது. அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, சட்டையையும் செயினையும் அவர் கையால் போடச் சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. சித்தி என்றால் ஒரு கத்தோலிக்க ஞானப் பெற்றோரோடு சேர்ந்து ‘சாட்சி’யாக நிற்கலாம், பெயரும் பதிவாகும். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பார்க்கிறவரை ஞானத் தகப்பனாக ஏற்க மாட்டார்கள். அவர் சார்பில் இங்கே ஒருவர் பதிலாளாக நிற்கலாமா என்று முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘தாய்மாமனை ஞானத் தகப்பனாக வைத்தால் நாளைக்கு உறவு முறையில் பெண் கொடுக்க முடியாது’ என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. இதில் பாதி உண்மை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் ஞானப் பெற்றோருக்கும் ஞானப் பிள்ளைக்கும் இடையே ஞான உறவு திருமணத் தடையாக இருந்தது. 1983 தொகுப்பில் நாம் சேர்ந்த இலத்தீன் திருச்சபைக்கு அந்தத் தடை நீங்கிவிட்டது. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்துக்கு இன்றைக்கும் ஆயரிடம் விலக்கு வாங்குகிறோமே, அது இரத்த உறவுக்காக. ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்றைக்குக் காலையில்

பெரும்பாலும் ஞாயிறு பூசையிலோ பூசை முடிந்தோ நடக்கும். சடங்குக்கு அரைமணி, முக்கால்மணி முன்னால் பால் கொடுத்து ஏப்பம் வரவைத்துவிடுங்கள். வயிறு நிறைந்த கையோடு படுக்கவைத்துத் தலையைச் சாய்த்தால் கக்கும். பசியோடு கொண்டுவந்தால் வாசலிலேயே அழுகை தொடங்கிவிடும்.

உடை விஷயத்தில் நடக்கிற தப்பு ஒன்றுதான், ஆனால் எப்போதும் நடக்கிறது: கழுத்தோடு ஒட்டிய, பின்னால் ஜிப் வைத்த, நெட் துணி கவுன். முதல் எண்ணெய் நெஞ்சில் பூசுவார்கள். கவுனைத் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் மூன்று பெண்கள் பிள்ளையைச் சுற்றி நிற்க, சாமியார் கட்டைவிரலில் எண்ணெயோடு காத்திருப்பார். முன்பக்கம் பட்டன் அல்லது முடிச்சு வைத்த பருத்திச் சட்டை போடுங்கள். வெள்ளை ஆடை தனியாகக் கையில் இருக்கட்டும். அது தண்ணீர் ஊற்றிய பிறகு அணிவிக்க வேண்டியது, முதலிலேயே போட்டுக்கொண்டு வருவதில் அர்த்தமில்லை. நெட் துணி இன்னொரு விதத்திலும் ஆபத்து, கடைசியில் எரிகிற திரியோடு பக்கத்தில் நிற்பார்கள். நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வேண்டாம். சிலுவை அடையாளம் போடுகிற எல்லார் விரலிலும் மை ஒட்டி, கடைசியில் பிள்ளையின் கண் வரை வந்துவிடும்.

சடங்கு கோயில் வாசலில் தொடங்கும். ‘பிள்ளைக்கு என்ன பெயர்?’, ‘திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?’ என்று கேட்பார். முதலாவதற்குப் பெயரை உரக்க. இரண்டாவதற்கு ‘திருமுழுக்கு’ (ஞானஸ்நானத்தின் இன்றைய பெயர்). பிறகு சாமியார், பெற்றோர், ஞானப் பெற்றோர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைவார்கள். வாசகம், மன்றாட்டு, தீமையை ஓட்டும் செபம், நெஞ்சில் ஆயத்த எண்ணெய். தொட்டியருகே தண்ணீரை ஆசீர்வதித்ததும் பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் பார்த்துச் சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் நம்புகிறீர்களா என்று கேட்பார். பிள்ளைக்காக நீங்கள் வாய் திறக்கிற இடம் இது. வாய்க்குள் முணுமுணுக்காதீர்கள், முதல் நாள் ராத்திரி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைப் பிடிப்பது அம்மாவோ ஞானத் தாயோ. பிள்ளையை இடது முன்கையில் மல்லாக்கப் படுக்கவைத்து, பிடரியை இடது உள்ளங்கையில் தாங்கி, தலை மட்டும் தொட்டிக்கு மேலே வரும்படி லேசாகச் சாயுங்கள். இடுப்பு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். வலது கையால் பிள்ளையின் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றுகிற சிப்பியைத் தட்டிவிடும். பிடரியைத் தாங்குகிற இடது கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் காதை மடக்கி மூடிக்கொள்ளலாம். தண்ணீர் முன்னுச்சியில் விழுந்து பின்பக்கம் வழிய வேண்டும். தலையை நிமிர்த்திப் பிடித்தால் மூக்கில் இறங்கும். பிள்ளை வீறிடுவது பெரும்பாலும் இதனால்தான், பாவம் போகிறதால் அழுகிறது என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். மார்கழி, தை மாதக் காலைகளில் ஒரு சின்ன பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய்க் கோயில்பிள்ளையிடம் (கோயில் பணியாளரிடம்) கொடுத்தால், ஆசீர்வதிப்பதற்கு முன் தொட்டியில் கலந்துவிடுவார். மூன்று முறை ஊற்ற அரை டம்ளர் தண்ணீர் போதும். ஆனால் அது தோலில் பட்டு ஓட வேண்டும். ஈர விரலால் தொடுவது போதாது.

வாக்கியம்: ‘தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.’ ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும், ஊற்றும்போதே சொல்ல வேண்டும். ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றிச் சொன்னால் அது ஞானஸ்நானமே ஆகாது என்று 2020 ஆகஸ்டில் ரோமாபுரி தெளிவாக அறிவித்தது. ஊரே சேர்ந்து கொடுப்பதுபோல இருக்கட்டும் என்று நினைத்துச் சில நாடுகளில் அப்படி மாற்றியிருந்தார்கள். பெற்றவர்கள் எல்லாரும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

போட்டோக்காரரிடம் முன்பே ஒன்று சொல்லிவையுங்கள்: ‘இன்னொரு தடவை ஊத்துங்க ஃபாதர், ஷாட் விழல’ என்று கேட்கக் கூடாது. ஞானஸ்நானம் ஒருமுறைதான். போட்டோவுக்காகத் திரும்ப ஊற்றும் வழக்கம் கிடையாது.

அடுத்து உச்சந்தலையில் கிறிஸ்மா. ஒலிவ எண்ணெயில் வாசனைத் தைலம் கலந்து, பெரிய வாரத்தில் ஆயர் அர்ச்சித்துத் தருவது. ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, அன்று பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது என்று. அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. சித்திரை வெயிலில் எண்ணெய்த் தலையோடு பிள்ளையை வைத்திருந்தால் வேர்க்குருதான் வரும். துடைத்த பஞ்சைக் குப்பையில் போடாமல் கோயிலிலேயே கொடுத்துவிடுங்கள், எரித்துவிடுவார்கள்.

திரியை ஞானத் தகப்பன் பாஸ்காத் திரியில் (உயிர்ப்பு விழாவில் ஏற்றுகிற பெரிய மெழுகுதிரி) ஏற்றுவார். முன்னதாகப் பக்கத்து மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியில் காதையும் வாயையும் தொடுகிற ‘எப்பேத்தா’ சடங்கு, இயேசு காதுகேளாதவரைக் குணமாக்கிய சொல். பழைய முறையில் குரு தன் எச்சிலைத் தொட்டுத்தான் இதைச் செய்வார். எச்சில் தீட்டு என்கிற நம் ஊர் உணர்வைப் பார்த்து, மதுரை மறைப்பணித்தளத்து இயேசு சபைக் குருக்கள் அதை விட்டுவிட்டார்கள். 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், எச்சில், உப்பு, ஊதுதல் எதையும் விடக் கூடாது என்று 1704இல் ஆணையிட, மலபார் சடங்குச் சச்சரவு பல பத்தாண்டுகள் ரோமாபுரி வரை போயிற்று. 1969இல் வந்த குழந்தைகளுக்கான புதிய சடங்கு முறையில் எச்சிலும் இல்லை, நாக்கில் வைக்கிற உப்பும் இல்லை. ‘உப்பு போடலையே, செல்லுமா?’ என்று கேட்கிற தாத்தாவுக்கு, செல்லும்.

அவசரத்துக்கு

குறைமாதப் பிள்ளை, இன்குபேட்டரில் இருக்கிறது, சாமியார் வர நேரமில்லை. இந்த நிலையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தகப்பன், பாட்டி, நர்ஸ், ஞானஸ்நானம் பெறாத இந்துவே ஆனாலும், திருச்சபை செய்வதைச் செய்கிற எண்ணத்தோடு செய்தால் செல்லும். செய்கிற முறை:

1. பிள்ளைகள் வார்டு நர்ஸிடம் முதலில் சொல்லி அனுமதி கேளுங்கள். கையைக் கழுவுங்கள்.
2. ஊசி இல்லாத சிரிஞ்சில் 2 அல்லது 3 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் கேட்டு வாங்குங்கள். சலைன், பன்னீர், பால், வேளாங்கண்ணி எண்ணெய் எதுவும் வேண்டாம். தண்ணீர் என்றால் தண்ணீர். ஆசீர்வதித்ததாக இருக்க வேண்டியதில்லை.
3. தலைமுடி அடர்த்தியாக இருந்தால் விலக்கி, தோலில் படும்படி சில சொட்டுகளாக மூன்று முறை விடுங்கள். விடும்போதே, விடுகிறவரே சொல்லுங்கள்: ‘(பெயர்), தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.’ ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி’ என்று பழகிய வாய் அப்படியே சொன்னாலும் செல்லும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே சொல்லலாம்.
4. பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரின் பெயரையும் நாள், நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தலையில் முடியாவிட்டால் உடம்பில் எட்டுகிற இடத்தில் விடுங்கள். அதை மறக்காமல் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் ‘நீ ஏற்கெனவே பெறவில்லையென்றால்’ என்ற நிபந்தனையோடு அவர் கொடுப்பார். உயிர் போய்விட்ட பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்கு, அதன் தாய் தகப்பனுக்குத் தெரியாமல், பரிதாபப்பட்டுச் செய்துவிட வேண்டாம்.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால் கோயிலில் மீதிச் சடங்குகள் மட்டும் நடக்கும்: எண்ணெய், வெள்ளை ஆடை, திரி. தண்ணீர் மறுபடி கிடையாது. பல வீடுகளில் இதை மறைத்துவிட்டு முழுச் சடங்காக நடத்திவிடுகிறார்கள். மறைக்க வேண்டாம், ஏனென்றால் பதிவேட்டில் ஏற வேண்டியது ஆஸ்பத்திரித் தேதி.

பதிவேட்டில் அந்த ஒரு வரி

சடங்கு முடிந்ததும் பந்திக்கு ஓடாமல் அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளை பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோர், ஞானப் பெற்றோர், கொடுத்தவர், இடம், நாள் ஆகியவை பதிவாக வேண்டும் (விதி 877). சாதிக்கு அந்த விதியில் கட்டம் இல்லை. எழுதியதை நீங்களே ஒருமுறை வாசித்துவிட்டு, பதிவேட்டின் வருடம், பக்கம், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அலுவலக வாசலில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி அது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கும், பிறகு 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடு நீதிமன்றத்தில் சான்றாக எடுக்கப்படும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு புதுச்சேரி வழக்கில் அப்படித்தான் எடுக்கப்பட்டது. இந்தச் சட்டம் நியாயமா என்ற வழக்கு தலித் கிறிஸ்தவர்கள் பல காலமாக நடத்திவருவது. ஆனால் பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதச் சொல்லி உபதேசியாரை நெருக்குவது எதையும் தீர்க்காது, நாளைக்குப் பிள்ளையின் திருமணத் தாளும் மாட்டிக்கொள்ளும்.

ஏனென்றால் திருமணத்துக்குக் கேட்கப்படுவது அலமாரியில் இருக்கிற பழைய சான்றிதழ் இல்லை. ஞானஸ்நானம் நடந்த பங்கிலிருந்து புதிதாக, பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்தது. உறுதிப்பூசுதலும் திருமணமும் அந்த ஞானஸ்நான வரியின் ஓரத்திலேயே குறிக்கப்படுவதால், ஒருவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

பழைய வரியைத் தேடுகிறவர்கள் பொதுவாகத் தப்பான கோயிலில் தேடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அம்மாவின் ஊர் எது. தலைச்சன் பிள்ளை என்றால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கிளைக் கிராமத்துக் கோயிலில் நடந்திருந்தால் வரி தாய்ப் பங்கின் பதிவேட்டில் இருக்கும். அந்தக் கிராமம் பிற்பாடு தனிப் பங்கானாலும் பழைய ஏடு தாய்ப் பங்கை விட்டு வராது. மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதி) மாறியதையும் கவனியுங்கள். மதுரையிலிருந்து 1987இல் சிவகங்கை பிரிந்தது. இடைக்காட்டூர், சருகணி, ஓரியூர்ப் பக்கத்துப் பதிவுகளுக்கு மேலிடக் கையெழுத்து வேண்டுமானால் இப்போது சிவகங்கை ஆயரகம்தான். வருடம் தெரியாவிட்டால் பிறந்த தேதிக்குப் பிந்திய இரண்டு வருடம் பாருங்கள், அடுத்து ஊர்த் திருவிழாவை ஒட்டிய நாட்களைப் பாருங்கள். கிராமங்களில் மொத்தமாகக் கொடுப்பது அப்போதுதான். கடைசிவரை கிடைக்காவிட்டால், சடங்கைப் பார்த்த நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் உறுதிமொழி போதும் (விதி 876).

பெயரோ தேதியோ தப்பாக எழுதப்பட்டிருந்தால் அலுவலகத்தில் இருப்பவர் பேனாவை எடுத்து அடித்துத் திருத்தக் கூடாது, நீங்களும் அதைக் கேட்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகலோடு விண்ணப்பம் எழுதிப் பங்குத்தந்தையின் பரிந்துரையோடு மறைமாவட்ட அலுவலகத்துக்கு, மதுரைப் பங்குகள் என்றால் கே.புதூர் பேராயர் இல்லத்துக்கு, அனுப்ப வேண்டும். அனுமதி வந்ததும் பழைய எழுத்து அப்படியே இருக்க, திருத்தம் அனுமதிக் கடிதத்தின் எண்ணோடும் தேதியோடும் ஓரத்தில் ஏறும். அதற்குப் பிறகு புதுச் சான்றிதழ் கேளுங்கள்.